நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு சதுர அடி

குடியிருப்பு அலுவலகத்தின் இணையதளம் திறப்பதற்குள் ஒரு கிலோ பட்டாணி உரித்துவிடலாம் என்பது அந்தத் தெருவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. பாப்பாவின் அம்மா இரண்டாவது கிலோவில் இருந்தாள். கட்டைவிரல் நகத்தால் தோலைக் கீறுவது, மணிகளைக் கிண்ணத்தில் தள்ளுவது, தோலைப் பழைய செய்தித்தாளில் போடுவது, தலையைத் தூக்கித் திரையைப் பார்ப்பது. திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் தலைமை இயக்குநரின் வண்ணப் படம் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குத் தலைமுடி தெரிந்தது. ஒன்பதுக்கு நெற்றி. பத்தரைக்கு மூக்கு முடிந்து மீசை ஆரம்பித்தது. விண்ணப்பப் படிவம் அவருடைய செருப்புக்குக் கீழே இருக்கிறது என்று எதிர்வீட்டு அக்கா சொல்லியிருந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். இன்ன வீட்டில் இன்னார் குடியிருக்கிறார்கள் என்று அலுவலகம் சொல்லும் இருப்பிடச் சான்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் குழந்தைகள் காப்பகத்தில் பாப்பாவுக்கு இடம். இல்லாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். பாப்பாவுக்கு இடம் கிடைத்தால்தான் அடுத்த திங்கட்கிழமை தையல் கூடத்தில் பித்தான் வைக்கும் வேலைக்கு அவள் போக முடியும். அங்கே அவளுக்கு ஒரு சன்னலோர நாற்காலியைக் காட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவள் கண்ணிலேயே நின்றது.

அவள் யாரிடமும் அதிர்ந்து பேசியவள் இல்லை. பேருந்தில் இறங்கவேண்டிய இடம் வந்தால்கூட வேறு யாராவது நிறுத்தச் சொல்வார்களா என்று பார்ப்பாள். யாரும் சொல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பாள். இப்படிப்பட்டவளுக்கு ஓர் அலுவலகத்தோடு வேலை வந்தது.

மீசை பாதி இறங்கியபோது சக்கரம் நின்றது. மெய்நிகர் நினைவகம் போதவில்லை என்று ஒரு சின்னக் கட்டம் எழுந்து சொன்னது. வெளியூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பிக்கு அவள் போன் போட்டாள்.

"தம்பி, கம்ப்யூட்டர் ஏதோ பத்தலைங்குதுடா."

"என்னக்கா பத்தலை?"

அவள் படித்துக் காட்டினாள்.

"ஓ, விர்ச்சுவல் மெமரியா? மாமாவோட அண்ணன் கழிச்சுக் கட்டின பெட்டி, அதுல வேற என்ன இருக்கும்? கவனமா கேளு. நீ மேஜையில வேலை செய்யறே, மேஜையில இடம் பத்தலை. பக்கத்து அலமாரியில ஒரு தட்டைக் காலி பண்ணிட்டு, இதுவும் மேஜைதான்னு நெனச்சுக்கறே. அவ்வளவுதான் விஷயம்."

"நெனச்சுக்கிட்டா போதுமா?"

"அதுக்குப் போதும். கொஞ்சம் மெதுவா ஓடும். ஆனா ஓடும்."

அவன் சொல்லச் சொல்ல அவள் அமுக்கினாள். ஒரு சன்னல் திறந்தது. அதற்குள் ஒரு பொத்தான், அதை அமுக்கினால் இன்னொரு சன்னல். நாலாவது சன்னலில்தான் சமாசாரம் இருந்தது. தானே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு டிக் இருந்தது. அதை எடுக்கச் சொன்னான்.

"இத்தனை நாள் தானே பார்த்துக்கிட்டுதானே இருந்துச்சு?"

"பார்த்துக்கிட்டு மட்டும்தான் இருந்துச்சு. எடுத்துடு. ஆரம்ப அளவுல நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு போடு. உச்ச அளவுல அதுக்கு ரெண்டு பங்கு, எட்டாயிரத்து நூத்துத் தொண்ணூத்திரண்டு. போட்டுட்டு 'செட்'டை அமுக்கு. அதை அமுக்காம 'ஓகே' அமுக்கினா ஒண்ணுமே செய்யாது, ஆனா எல்லாம் செஞ்ச மாதிரி மூடிக்கும்."

"அலுவலகத்துலயும் அப்படித்தாண்டா."

"அக்கா! நீகூட இப்படியெல்லாம் பேசுவியா?"

அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. 'செட்' அமுக்கினாள். நாலு சன்னலுக்கும் நாலு ஓகே போட்டாள். பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டாள். இயக்குநர் இந்த முறை கால் மணி நேரத்தில் செருப்புவரை இறங்கிவிட்டார்.

படிவத்தில் அறுபத்து நாலு கேள்விகள். நாற்பத்தொன்றாவது கேள்வி இது: "கடந்த மூன்று மாதங்களில் மேற்படி குடியிருப்பில் கூடுதல் இடம் ஏதேனும் உருவாக்கப்பட்டுள்ளதா? ஆம் எனில் அளவு." வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவள் யோசித்தாள். சற்று முன்னால்தான் இதே கையால் கம்ப்யூட்டரில் இடம் உருவாக்கியிருக்கிறாள். கேட்பது சர்க்கார். தெரிந்தே பொய் எழுதி, நாளைக்கு அது பாப்பாவின் தலையில் விடிந்தால்? ஆம் என்று போட்டாள். அளவுக் கட்டத்தில் 4096 என்று போட்டாள். பக்கத்தில் 'சதுர அடி' என்று அலுவலகமே முன்கூட்டி அச்சடித்து வைத்திருந்தது. அதை அழிக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அளவு அதிகாரி வந்துவிட்டார். அந்த அலுவலகம் அவ்வளவு சீக்கிரம் எங்கேயும் போனதில்லை. கையில் இரும்பு நாடா, கக்கத்தில் ஒரு கோப்பு.

"எத்தனை அறைம்மா?"

"ரெண்டு சார். சமையல்கட்டு தனி."

இரண்டு அறையையும் அவர் பதினோரு எட்டில் நடந்து முடித்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே பாப்பா உட்கார்ந்து அவரைப் பார்த்தது.

"எங்கே?" என்றார்.

"எது சார்?"

"நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு சதுர அடி."

அவள் கம்ப்யூட்டரைக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் அந்த அலுவலகத்தில் இருந்தவர், எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. பெட்டியின் மேல் நாடாவை வைத்து நீளம், அகலம் அளந்தார். "வெளியளவு முக்கால் சதுர அடி, உள்ளளவு நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"வெளியே சின்னதா, உள்ளே பெரிசா கட்டியிருக்கீங்க. மேஸ்திரி யாரு?"

"என் தம்பி சார். போன்லயே சொன்னான்."

"எத்தனை நாள் வேலை?"

"ஒரு பத்து நிமிஷம் ஆச்சு சார்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை மரியாதையோடு பார்த்தார். "எங்க ஆபீஸ்ல ஒரு கழிப்பறைக்கு ஆறு வருஷமா குழி தோண்டிக்கிட்டிருக்காங்க."

"சார், அது நிஜ இடம் இல்லை. இடம் இருக்கறதா அது நெனச்சுக்குது, அவ்வளவுதான்."

"அம்மா, எங்க பதிவேட்டுல பாதிப் பூங்கா அப்படித்தான் இருக்கு. அதுக்கெல்லாம் வருஷா வருஷம் தண்ணி ஊத்தறோம். அது சரி, உச்ச அளவுன்னு ஏதாவது உண்டா?"

அவள் அதையும் மறைக்கவில்லை. "எட்டாயிரத்து நூத்துத் தொண்ணூத்திரண்டு சார். தேவைப்பட்டா விரியும்."

"விரியுமா? தானாவா?"

"ஆமா சார்."

"அப்ப அக்கம்பக்கத்துல ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கணும். உங்க வீடு விரிஞ்சு எதிர்வீட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா யாரு பதில் சொல்றது?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், தெரியாம செஞ்சுட்டேன். இப்பவே பழையபடி மாத்திடறேன். நாலு ஓகேதான் சார்."

அதிகாரி இரண்டு கையையும் தூக்கித் தடுத்தார். "கையை வைக்காதீங்க! அது இடிப்பு. அனுமதி இல்லாம இடிச்சா அது வேற பிரிவு. இடிப்பு அனுமதிக்கு எங்க இணையதளத்துல மனுப் போடணும்."

"சார், இதை வச்சிருந்தாத்தான் உங்க இணையதளமே திறக்குது."

"அதனாலதான் சொல்றேன். இடிச்சுட்டா, இடிக்க மனுப் போட முடியாது. இடிக்காம இருந்தா, இடிக்க என்ன தேவைன்னு கேப்பாங்க."

இதைச் சொல்லி முடித்ததும் அவருக்கே ஒரு திருப்தி வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"என் பாப்பாவோட சான்று?" என்றாள் அவள், மூச்சு மட்டும் வெளியே வரும் குரலில். "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் சார்."

"கட்டடத்தை முறைப்படுத்திட்டா அடுத்த நிமிஷம் சான்றுதான். இந்த இடத்தை எதுக்குப் பயன்படுத்தறீங்க? குடியிருப்புன்னா உள்ளே ஒருத்தர் படுத்துத் தூங்கணும், நான் பார்க்கணும். கடைன்னா ஷட்டர் கதவு வேணும். அலுவலகம்னா ஒரு நிபந்தனையும் இல்லை. உள்ளே யாரும் எதுவும் செய்யணும்னு அவசியமே இல்லை."

"அப்படின்னா அலுவலகம்னே போட்டுக்குங்க சார்."

அவர் போட்டுக்கொண்டு போனார். அந்த ஒரு வார்த்தைதான் வினை.

புதன்கிழமை மத்தியானம் மேலதிகாரியே போன் செய்தார். அவர் அண்மையில் மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்த் திரும்பியவர். "அம்மா, நீங்க காலத்துக்கு முன்னாடி நடக்கறீங்க! நாற்காலியில்லா நிர்வாகம், சுவரில்லா சேவை, இதுதான் இப்ப உலகம் பூரா. எங்க கட்டடத்துல கோப்பு வைக்க இடம் இல்லை, மாடிப்படியில அடுக்கியிருக்கோம். நீங்க விரியற இடமா வச்சிருக்கீங்க!" என்றார். அவள் "ம்" என்றாள். அதுவே எழுத்துப்பூர்வமான சம்மதமாகப் பதிவாயிற்று.

மாலையில் ஆணை வந்தது.

"பார்வையில் காணும் குடியிருப்பில் உருவாக்கப்பட்டுள்ள கூடுதல் இடத்தில், நிர்வாக நலன் கருதி, இவ்வலுவலகத்தின் மெய்நிகர்க் கிளை உடனடியாக இயங்கும். மேற்படி கிளைக்கு நுழைவாயில் இல்லாதபடியால், அங்கு பணியமர்த்தப்படுவோர் நேரில் நுழையத் தேவையில்லை, நுழைந்ததாகக் கருதப்படுவர். வெளியேறுவதற்கும் வழி இல்லாதபடியால், முழு நேரமும் பணியில் இருப்பதாகவும் கருதப்படுவர்."

இந்த ஆணை அலுவலகத்தில் வாசிக்கப்பட்டபோது ஊழியர்களிடையே அதுவரை காணாத கடமையுணர்ச்சி பொங்கியது. முதலில் மூன்று பேர் மாற்றல் கேட்டார்கள். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு பதினான்கு பேர். முதுகு வலிக்காரர் மருத்துவச் சான்றோடு கேட்டார். இந்தக் கிளையை அளந்து கண்டுபிடித்தவன் நான்தான், முன்னுரிமை வேண்டும் என்று அளவு அதிகாரி கேட்டார். வியாழக்கிழமை மூன்று மணிக்குள் மேலதிகாரி உட்பட முப்பத்தொரு பேரும் பாப்பா வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் பணியேற்றுவிட்டார்கள். பழைய கட்டடத்தைப் பூட்டி, அதன் வாசலில் இவர்கள் வீட்டு விலாசத்தையும், இவர்கள் வீட்டு வாசலில் அலுவலகத்தின் பேரையும் எழுதித் தொங்கவிட்டார்கள். அலுவலகப் பூனை மட்டும் அங்கேயே இருந்தது. அது மனுப் போடவில்லை.

ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை முடிந்து, புருவமெல்லாம் மாவோடு வந்த பாப்பாவின் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது, நம்ம வீட்டுல போர்டு தொங்குது?"

"நாம இப்ப ஆபீஸுங்க."

"அப்ப நான் உள்ளே வர மனுப் போடணுமா?"

"தெரியலைங்க. கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பின்வாசல் வழியா வாங்க."

இதற்குள் ஒரு சட்டச் சிக்கல் வேறு முளைத்தது. அலுவலகக் கட்டடத்தில் யாரும் குடியிருக்கக்கூடாது, காவலர் குடும்பம் தவிர. குடியிருக்காதவர்களுக்கு இருப்பிடச் சான்று எப்படி? அன்று மாலையே அவளைத் தற்காலிகக் காவலராக நியமித்து உத்தரவு வந்தது. கூடவே ஒரு மரப்பெட்டி. அதற்குள் முத்திரை, மைத்திண்டு, வருகைப் பதிவேடு, இருநூறு வெற்றுச் சான்றுகள். கிளையில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே ஊழியர் அவள்தான் என்பதால், மறு உத்தரவு வரும்வரை கையெழுத்தும் அவளே போடவேண்டும் என்று அடியில் எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே வாசலில் வரிசை நின்றது. அவள் ஒன்பது மணிக்கு முப்பத்தொரு பேருக்கும் வருகை குறித்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பாப்பாவின் சான்றை எழுதினாள். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவள், எழுத்து எழுத்தாக, குழந்தைக்குத் தலை வாரிவிடுவது போல எழுதினாள். முத்திரையை நேராக வைத்து ஒரே ஒரு முறை அழுத்தினாள். மூன்று வாரம் அலையவைக்கும் வேலை நாலு நிமிஷத்தில் முடிந்தது.

இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. கதவைத் திறந்து மற்றவர்களையும் கூப்பிட்டாள். கேள்வி இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. பதினோரு மணிக்குள் பதினோரு பேருக்குக் கொடுத்தாள். வாங்கியவர்கள் அந்தக் காகிதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

மூன்று மணிக்கு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். காப்பகத் தலைவியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எப்ப விண்ணப்பிச்சது?"

"திங்கட்கிழமைங்க."

"எப்ப கிடைச்சது?"

"இன்னிக்குக் காலையிலங்க."

"அஞ்சே நாள்ல!" தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாரும்மா. பதினெட்டு வருஷமா நான் சான்று பார்க்கறேன். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. முத்திரை நேரா விழுந்திருக்கு. குழந்தையோட பேரு சரியா இருக்கு. அப்பா பேருகூட அப்பா கட்டத்துல இருக்கு! எந்த ஆபீஸ்ல இப்படிக் குடுப்பாங்க? யாரையாவது பிடிச்சு வீட்டுலயே செஞ்சியா?"

வீட்டிலேதான் செய்தது. அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன். நிஜச் சான்று கொண்டு வா. இல்லைன்னா பாப்பாவோட இடத்தை வேற குழந்தைக்குக் குடுத்துடுவேன்."

வீட்டுக்கு வந்தால், காலையில் சான்று வாங்கிய பதினோரு பேரும் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு அக்காதான் முன்னால்.

"என்னம்மா நீ, நமக்குள்ள ஒரு இது இருக்கும்னு பார்த்தா, இப்படிப் பண்ணிட்டியே! எங்கே கொண்டுபோய்க் குடுத்தாலும் போலின்னு திருப்பிக் குடுக்கறாங்க."

"நிஜ முத்திரைதான்க்கா அது."

"முத்திரை நிஜம். ஆனா அலையாம கிடைச்சதை யாரு நம்புவா? எனக்கே நம்பிக்கை இல்லையே! வாங்கினதுலேர்ந்து நூறு தடவை எடுத்துப் பார்த்துட்டேன். ஒரு தடவையாவது இல்லைன்னு சொல்லேன்."

பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "நாளைக்கு வான்னு சொல்லுங்கம்மா. எங்களுக்கும் ஒரு திருப்தி வேணாமா?"

மணி மூன்று ஐம்பது. பாப்பா இடுப்பில் தூங்கியிருந்தது. அவள் குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு இன்னொரு வெற்றுச் சான்றை எடுத்தாள். அப்பா பேரை அம்மா கட்டத்தில் எழுதினாள், அடித்தாள், மேலே சின்னதாகத் திருத்தினாள். தெருவின் பேரை அடுத்த தெருவாகப் போட்டாள். "உரிய ஆவணம் இணைக்கப்படாததால் திருப்பப்படுகிறது" என்று ஓரத்தில் எழுதி, அதையும் குறுக்கே அடித்து, "மீள்பரிசீலனை செய்யப்பட்டது" என்றாள். தேதியைப் போன மாதமாக்கினாள். முத்திரையைச் சாய்வாக ஒன்று, பாதியாக ஒன்று, ஒன்றின் மேல் ஒன்றாக இன்னும் ஒன்று குத்தினாள். கடைசியாக ஈர டம்ளரை நடுவில் வைத்து எடுத்தாள். அழகான வட்டம் விழுந்தது.

தூங்குகிற பாப்பாவை எதிர்வீட்டு அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடி, நாலு ஐம்பதுக்குக் காப்பகத்தில் மூச்சு வாங்க நின்றாள். தலைவியம்மா அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். டம்ளர் வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாவம், ரொம்ப அலைக்கழிச்சுட்டாங்களா?"

"ஆமாங்க."

"இதை முதல்லயே கொண்டு வந்திருக்கலாமே. திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பாப்பாவைக் கொண்டு வந்து விடு."

திரும்பி வரும்போது பேருந்தில், தன் நிறுத்தம் வந்ததும், "இங்க நிறுத்துங்க" என்று அவளே சத்தமாகச் சொன்னாள். நடத்துநர் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு வெட்கமாக இல்லை.

வாசலில் வரிசை இப்போது நாற்பது பேராக நீண்டிருந்தது. அவள் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முதல் மனுவை வாங்கினாள், படிக்காமல் ஓரமாக வைத்தாள். "நாளைக்கு வாங்க" என்றாள்.

வரிசை முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு ஓடியது.

"இப்பத்தான் ஆபீஸ் மாதிரி இருக்கு," என்றாள் எதிர்வீட்டு அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா திங்கட்கிழமை நீ தையல் கூடத்துக்குப் போயிட்டா இங்க யாரு இருப்பாங்க?"

"எல்லாரும் இருப்பாங்கக்கா. உள்ளே." அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்து முப்பத்திரண்டாவது பேராகத் தன் பேரை எழுதி, திங்கட்கிழமைக் கட்டத்தில் இப்போதே ஒரு டிக் போட்டுக்கொண்டாள்.

வரிசையில் அடுத்து நின்றவர் அளவு அதிகாரி. வேட்டியும் பனியனுமாக, பையில் காய்கறியோடு வந்திருந்தார்.

"அம்மா, எனக்கும் ஒரு இருப்பிடச் சான்று வேணும். அவசரம். நம்ம ஆபீஸ் ஆளுதானே, கொஞ்சம் பார்த்துக் குடுங்க."

அவள் பதிவேட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி பதிவேட்டைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். இதுல பார்த்தா நீங்க காலையில ஒன்பது மணியிலேர்ந்து உள்ளேதான் இருக்கீங்க."

"உள்ளேதான் இருக்கேன். வெளியேயும் வந்திருக்கேன்."

"வெளியே வர வழி இல்லைன்னு ஆணையிலேயே இருக்கே சார். உள்ளே இருக்கறவர் வெளியே நின்னு கேட்டா, நிக்கறது யாருன்னு நான் எதை வச்சு எழுதறது?"

"என்னைத் தெரியாதாம்மா உங்களுக்கு? கட்டிலுக்கு அடியில எல்லாம் பார்த்தேனே!"

"எனக்குத் தெரியும் சார். கிளைக்குத் தெரியணும் இல்லையா? ஒண்ணும் கஷ்டம் இல்லை, நீங்க நீங்கதான்னு எழுதி, அதுல உள்ளே இருக்கற ரெண்டு பேரோட கையெழுத்தை..."

"அம்மா! ஒண்ணுக்கு!" என்று கட்டில் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"இதோ வந்துட்டேன்டா கண்ணு! சார், நகராம அப்படியே நில்லுங்க, வந்து பார்க்கும்போது நீங்க இல்லைன்னா உங்க மனுவை உள்ளே இருக்கற உங்ககிட்டயே அனுப்பிடுவேன்!"